சிவப்பு பீரும் சுருளிவேலின் மூக்கும்

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் வேலைக்குப் போன பெண்கள் யாரைக் கேட்டாலும் சுருளிவேலைப் பற்றிச் சொல்வார்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் காறித் துப்பிவிட்டுத்தான் சொல்வார்கள். அவனுடைய உத்தியோகம் வாய் மோந்து பார்ப்பது. சாயங்காலம் காய் எடுத்து இறங்கி வருகிறவர்கள் தோட்டத்து வாசலில் வரிசை கட்டி நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியும் அவன் முன்னால் வந்து மடியை உதறிக் காட்டிவிட்டு, வாயைத் திறந்து மூச்சை விட வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டுவான். வாய்க்குள் ஏலக்காய் மணந்தால் அவளுடைய பிழைப்பு அன்றோடு போயிற்று.

"வாயில போட்டவ மடியிலயும் போடுவா" என்பது முதலாளி சௌந்தரபாண்டியன் போட்ட சட்டம். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர் அவர். பிடிபட்டவளுக்கு அவர் தோட்டத்தில் ஒரு தண்டனை இருந்தது. கை நிறையப் பச்சைக்காயை அள்ளி அவள் வாயில் அடைத்து, மற்ற எல்லாரும் கடந்து போகிற வரைக்கும் வாசலோரம் நிற்க வைப்பார்கள். பச்சைக்காயைத் தோலோடு மென்றால் நாக்கு எரியும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றும். அதற்குப் பிறகு கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயன் வீட்டுக்குப் போய்ச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான். காய்த் திருடி என்று பெயர் வாங்கியவளை அந்த மலையில் வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

நாள் முழுக்க ஏலச்செடியின் தூரில் குனிந்து, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு காய் பறிக்கிறவர்கள் மேலெல்லாம் அந்த மணம்தான் இருக்கும். சேலையில் மணக்கும், நகக்கண்ணில் மணக்கும், தலைமயிரிலும் மணக்கும். அத்தனைக்கும் நடுவில் வாய்க்குள்ளிருந்து வருவது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு மூக்கு வேண்டும். அந்த மூக்கு சுருளிவேலுக்கு வாய்த்திருந்தது. அதைக் கண் போலக் காப்பாற்றினான். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, சாராயத்தை எட்ட நின்றுகூடப் பார்த்ததில்லை. ஒழுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் மூக்குக்காகத்தான்.

இந்த வேலையை அவன் மனம் நொந்து செய்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் ரசித்துத்தான் செய்தான். காய் வாடை இல்லாவிட்டாலும் சும்மா விட மாட்டான். "நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பா? புருசனுக்கு வச்சியா, எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா?" என்று ஒருத்தியிடம் கேட்பான். "இன்னைக்கும் பட்டினியா? வாயி காஞ்சு நாறுது" என்று இன்னொருத்தியிடம் சொல்வான். பயத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். பட்டினி கிடந்தவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவன் மலையடிவாரத்துச் சிலமலை கிராமத்துக்காரன். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பம். மழை பொய்த்த ஒரு வருடம் அண்ணனோடும் அண்ணன் பெண்டாட்டி ராக்குவோடும் மலை ஏறினான். அண்ணன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அடுத்த காய் எடுப்பில், காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு விறகு சுமந்து வந்த சுருளிவேல் வழுக்கி ஓடைக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். எழுந்து நடக்கிற வரைக்கும் ராக்குதான் பார்த்துக்கொண்டாள். சோறு ஊட்டினாள், மூத்திரம் பீ அள்ளினாள், பகலில் காயும் எடுத்தாள். கால் கோணலாகக் கூடியது. சரிவில் நின்று வேலை செய்யவோ சுமை தூக்கவோ இனி ஆகாது என்று ஆயிற்று.

ஸ்டோர் வாசலில் சும்மா படுத்துக் கிடந்த நாட்களில் ஒரு தடவை, உள்ளே உலர்த்துகிற அறையில் சூடு மிஞ்சிக் காய் கருகத் தொடங்கியதை மோப்பத்திலேயே கண்டுபிடித்துச் சத்தம் போட்டான். ஒரு லோடு காய் தப்பித்தது. அதற்குப் பிறகுதான் முதலாளி அவனைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார். அந்த வேலை போனால் அவனுக்கு வேறு எந்த வேலையும் இல்லை. கோணல் காலோடு சிலமலைக்குப் போய், யாராவது போடுகிற கஞ்சிக்கு அவர்கள் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த நினைப்பு எந்நேரமும் அவனுக்கு இருந்தது.

மதுவிலக்கு இருந்த வருடங்கள் அவை. போடியில் ஒரு பாட்டிலைக் கையில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். சௌந்தரபாண்டியன் வீட்டிலோ போலீசைவிடக் கெடுபிடியாக அவர் மனைவி ஜெயபாக்கியம் இருந்தாள். சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிற அம்மாள். ஆகையால் முதலாளிக்குக் குடிக்கத் தோன்றினால் தோட்டத்தைப் பார்க்கத் தோன்றும். ஜீப்பில் குரங்கணி வந்து, அங்கிருந்து மேலே ஏறி பங்களாவில் உட்கார்ந்துகொள்வார். சரக்கு மூணாறு பக்கமிருந்து சாக்குக்குள் வைக்கோல் சுற்றி வந்துவிடும்.

அன்றைக்கு அவரோடு வந்திருந்தவர் ராஜாராம். போடியில் தோப்பும் வயலும் உள்ள ஆள், எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டுகிறவர். சாக்கில் வந்திருந்தது ஒரு சிவப்பு பீர். மலைக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்களும் மரம் அறுக்கிறவர்களும் எல்லாக் கடைகளிலும் வாங்கிக் குடிக்கிற மலிவுச் சரக்குதான். ஆனாலும் பீர் என்றால் மஞ்சள் என்றே பழகியிருந்த முதலாளிக்கு அதன் நிறம் அதிசயமாக இருந்தது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மலையாளத்தான் சாயாக்கடையில் கொடுக்கிற கரிங்காலிப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. மேலே நுரை மட்டும் இல்லையென்றால் தாகத்துக்கு வாங்கிக் குடித்துவிடலாம்.

"அண்ணாச்சி, ஒங்க ஆளு மூக்கப் பத்தி ஊரெல்லாம் பேசுறாய்ங்க. கூப்பிடுங்க அவன. இதுல என்ன இருக்குன்னு சொல்லட்டும்" என்றார் ராஜாராம்.

சுருளிவேல் காலை இழுத்துக்கொண்டு வந்தான். டம்ளரைக் கையில் வாங்கியதும் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இரண்டு பெரிய மனிதர்கள் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருக்கிறார்கள். கண்ணை மூடி மோந்தான்.

"புளிச்ச கம்மங்கூழு வாடை இருக்குங்க மொதலாளி. அதுக்கடியில வறுத்த சோளம். கொஞ்சம் தீஞ்சுபோன வெல்லம்."

"மோந்தா போதுமாடா? வாயில விட்டுப் பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி.

குடிக்கிறவனாக இருந்தால் குடித்திருப்பான். குடிக்காதவனாக மட்டும் இருந்தால் வேண்டாம் என்று கும்பிட்டிருப்பான். சுருளிவேல் ஏலக்காய்க்காரன். மண்டியில் சாம்பிள் பார்க்கிறவர்கள் காயைக் கடித்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த காய்க்குப் போவார்கள். அதைத் தின்றதாக யாரும் கணக்கில் வைப்பதில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தான். ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டினான். நாக்கின் நுனியில் லேசாகத் தித்தித்தது. நடுவில் ஊசி ஊசியாகக் குத்தியது. கடைசியில் வேப்பங்கொழுந்தை மென்ற கசப்பு அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. முறைப்படி திண்ணையைத் தாண்டி வாசலில் துப்பினான்.

"கடைசியில கசக்குதுங்க. சரக்கு அம்புட்டு ஒசத்தி இல்ல" என்றான்.

ராஜாராம் தொடையைத் தட்டிச் சிரித்தார். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏண்டா, நான் உக்காந்து குடிக்கிறதை நீ துப்புவியோ? ஒசத்தி இல்லையாம்ல! ஊத்துங்க ராஜாராம், டம்ளர் நெறைய ஊத்துங்க. இப்ப முழுங்குடா" என்றார்.

"பழக்கமில்லீங்க மொதலாளி."

"பழகிக்க."

விழுங்கினான். நுரை மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் மூச்சு முட்டி இருமுவதைப் பார்க்க இருவருக்கும் நன்றாக இருந்தது. மறுபடியும் ஊற்றினார்கள். வயிற்றிலிருந்து கிளம்பிய ஏப்பம் மூக்கு வழியாக வந்தபோது சுருளிவேலுக்குத் திடுக்கென்றது. வாசல் வரைக்கும் வந்துகொண்டிருந்த ஸ்டோர்ப் புகை, முதலாளியின் முகப்பவுடர், தன் வேர்வை எதுவுமே இல்லை. உலகம் பூராவும் ஒரே புளித்த வாடையாகிவிட்டது. அதுவும் அவன் வாயிலிருந்தே வந்தது.

அவன் முழிப்பதை ராஜாராம் பார்த்துவிட்டார். "மூக்கு செத்துப்போச்சு அண்ணாச்சி. இன்னைக்கு வாசல்ல இவன் கல்லுப்பிள்ளையாரு."

"என் சுருளியா? கழுத்து மட்டும் ஊத்தினாலும் கண்டுபிடிப்பான்."

"பந்தயமா? ஒரு பெட்டி இதே சரக்கு. வர்ற பொம்பளைகள்ல ஒருத்தி வாயில நானே ஒரு காயப் போட்டு அனுப்புறேன். யாருன்னு இவன் சொல்லட்டும்."

"கட்டுனேன்" என்றார் முதலாளி. பிறகு சுருளிவேலின் பக்கம் திரும்பினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தோத்தேன்னு வையி, நாளையிலருந்து வாசல்ல மொக்கச்சாமி நிப்பான். மூக்கில்லாத நாயிக்கு நான் எதுக்குச் சோறு போடணும்?"

மொக்கச்சாமி ஸ்டோரில் அடுப்பு எரிக்கிறவன். வாசல் வேலை மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பெண்கள் இறங்கி வந்தார்கள். முதலாளிக்கும் ராஜாராமுக்கும் வாசலோரம் நாற்காலி போட்டிருந்தது. சுருளிவேல் தண்ணீரை அள்ளி மூக்குக்குள் விட்டுச் சீந்தினான். மண்ணைக் கிள்ளி மோந்தான். உள்ளங்கையில் பச்சைக்காயைக் கசக்கி மூக்கோடு வைத்துப் பார்த்தான். காய் காயாகத் தெரியவில்லை. சிவப்பு பீர்தான் தெரிந்தது.

முதல் பெண் வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. அடுத்தவளிடமும் ஒன்றும் இல்லை. அன்னக்கொடி வந்தாள். கல்யாணமாகிப் புதிதாக மலை ஏறிய சின்னப்பெண். அவள் கண் அவனைப் பார்க்காமல் எங்கெங்கோ அலைந்தது. மூக்கு நல்லபடியாக இல்லாவிட்டாலும் கண் இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கலாம். சுருளிவேலுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் அவன் எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்து வேலை செய்ததில்லை. போ என்று தலையை ஆட்டினான்.

ராஜாராம் முதலாளியின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மொக்கச்சாமி வாசல் தூணில் சாய்ந்துகொண்டான். வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் யாரையாவது காட்டியாக வேண்டும் என்பது சுருளிவேலுக்குப் புரிந்துவிட்டது. யாரைக் காட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினான். சுந்தரம்மாளைக் காட்டினால் அவள் புருசன் அரிவாளோடு வருவான். திருப்பதியின் மகளைக் காட்டினால் கங்காணி சண்டைக்கு வருவான், அவர்கள் ஒரே வகையறா. கத்தக்கூடாது, கேட்க ஆளும் இருக்கக்கூடாது, அப்படி ஒருத்தி வேண்டும்.

வரிசையில் ராக்கு நின்றிருந்தாள்.

அவளுக்குப் புருசன் இல்லை. பிள்ளை இல்லை. அந்த மலையில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் சுருளிவேல்தான். ஆகையால்தான் அவள் தோதாக இருந்தாள். அவள் வந்து மடியை உதறினாள், வாயைத் திறந்தாள். அவன் மோந்தான். சிவப்பு பீர்.

"இவதேன்" என்றான்.

ராக்குவுக்கு முதலில் விளங்கவில்லை. தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நல்லா மோந்து பாருங்க கொழுந்தனாரே."

இரண்டாம் தடவையும் மோந்தான். அவன் வாயிலிருந்து அடித்த நாற்றம் அவள் முகத்தில்தான் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"இருக்கு மொதலாளி. காயி வாடை நல்லா இருக்கு."

ராஜாராம் எழுந்து குதித்துவிட்டார். "செயிச்சேன் அண்ணாச்சி! நான் போட்டது இவ வாயில இல்ல. ஏய் அன்னக்கொடி, இங்கிட்டு வந்து வாயத் தெற." அன்னக்கொடி அழுதுகொண்டே நாக்கை நீட்டினாள். நாக்கின் மேல் முழுக்காய் ஒன்று மெல்லப்படாமல் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். சுருளிவேலும் பார்த்தான். அந்த நிமிடம் அவன் வாயைத் திறந்து, மூக்கு போயிற்று, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் ராக்கு தப்பித்திருப்பாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சௌந்தரபாண்டியன் தோற்பதற்குப் பிறந்தவர் இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அது நீங்க குடுத்த காயி. குடுத்தது எப்படித் திருட்டாகும்? என் ஆளுக்குத் திருட்டுக் காயிதேன் மணக்கும். நீங்க குடுத்ததை விட்டுட்டான், இவ திருடுனதைப் பிடிச்சுட்டான். பெட்டிய எடுத்து வைங்க!"

ராஜாராம் ஒரு கணம் அசந்துபோய்ப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் அண்ணாச்சி நீங்க" என்றார்.

"நான் வாயில ஒண்ணும் போடலீங்க மொதலாளி" என்றாள் ராக்கு. அதைத் திரும்பவும் சொல்லத் தொடங்குவதற்குள் மொக்கச்சாமி கைப்பிடி பச்சைக்காயோடு வந்துவிட்டான். வாய் கொள்ளாமல் அடைத்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட அவள் வாசலோரம் நின்றாள். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். முதலாளி எழுந்து போய் அவள் முகத்துக்கு அருகில் குனிந்து ஒரு தரம் மோந்தார்.

"வாங்க ராஜாராம், நீங்களே வந்து பாருங்க. மணக்குதா, இல்லையா?"

எல்லாரும் போன பிறகு அவள் காயைத் துப்பிவிட்டு, லயன் வீட்டுக்குப் போய், ஒரு சாக்கில் தன் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். சுருளிவேல் வாசலில்தான் இருந்தான். வாசலைத் தாண்டாமல் யாரும் கீழே போக முடியாது. அவன் கதவுக் கம்பைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழிவிட்டான். அது அவன் வேலை.

மூக்கு இரண்டொரு நாளில் திரும்பிவிட்டது. கருவாடும் புகையும் மண்ணும் பழையபடி வந்து சேர்ந்தன. ஆனால் சுருளிவேலுக்கு வேறொன்று விளங்கிப்போயிற்று. மூக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் கை நீட்டியவள்தான் திருடி. அதற்குப் பிறகு அவன் மோந்து பார்ப்பது ஒப்புக்குத்தான். யாரும் பிடிபடவில்லையே என்று முதலாளி முணுமுணுக்கிற சமயம் பார்த்து, கேட்க ஆளில்லாத யாராவது ஒருத்தியைக் காட்டிவிடுவான். பங்களாவில் மிஞ்சுகிற சிவப்பு பீர் அவனுக்கு வந்தது. முதல் நாள் துப்பிய கசப்பு கொஞ்ச நாளில் பிடித்துப்போனது. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. சுருளி கெட்டிக்காரன், விசுவாசி என்று மண்டியில் நாலு பேர் முன்னால் முதலாளி சொன்னார்.

எண்பத்தொன்றில் மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகள் திறந்தார்கள். மலை ஏறாமலே போடியில் பாட்டில் கிடைத்தது. நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள், முதலாளி வீட்டுக்குச் சாமான் கொடுக்க வந்த சுருளிவேல், தனக்கென்று இரண்டு சிவப்பு பீர் வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு குரங்கணி பஸ்சுக்காகப் போடி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். பின்னாலிருந்து யாரோ "கொழுந்தனாரே" என்றார்கள்.

ராக்குதான். அடையாளம் தெரியவில்லை. பல் பாதி விழுந்து, கன்னம் ஒட்டி, கையில் விளக்குமாற்றுக் கட்டோடு நின்றாள். மலையில் எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. போடியில் காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற கூடத்தில் கேட்டாள். அங்கேயும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது சிலமலையிலிருந்து நடந்து வந்து விளக்குமாறு விற்கிறாள்.

"மதினி" என்றான். பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைக்கிறேன். கோவிச்சுக்கிடக் கூடாது" என்றாள் ராக்கு. "அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்க. எனக்கு நாத்தம் வந்துச்சு. அதனாலதேன் கேக்குறேன். நெசமாவே என் வாயில காயி மணந்துச்சா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் பதிலை மட்டும் எதிர்பார்த்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை மதினி என்று சொல்லிவிட அந்த இடத்தில் அவனுக்கு ஒரு தடையும் இல்லை. முதலாளி இல்லை, மொக்கச்சாமி இல்லை, கேட்க யாருமே இல்லை. அவன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"மணந்துச்சு" என்றான்.

ராக்கு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "அப்பச் சரி. ஒங்க மூக்கு பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். பசிக்கு ஒண்ணை வாயில போட்டுட்டு நான்தேன் மறந்துருக்கேன் போல. குடிச்சுப்பிட்டு வேணும்னே என்னையக் காட்டிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சு, நான் பாவி, இத்தன வருசமா ஒங்களச் சபிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மண்ணை வாரித் தூத்தியிருக்கேன் கொழுந்தனாரே. மனசுல வச்சுக்கிடாதீங்க. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

விளக்குமாற்றுக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். குரங்கணி பஸ் வந்து நின்றது.

"சரி விடுங்க மதினி, போகட்டும். மன்னிச்சேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டில்கள் இடித்துக்கொள்ளாமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருளிவேல் பஸ்சில் ஏறினான்.